1945 என்று எழுதிய போத்தல்: பிலிப் து ரொத்ஷில்ட்டின் கதை

1945ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி பிரான்ஸின் தென்மேற்கே, போர்டோ நகருக்கு வடக்கிலுள்ள மெடோக் பகுதியில் உறைபனி விழுந்தது. முந்திரிகைக் கொடிகள் அப்போதுதான் துளிர்த்து நின்றன. பெரும்பகுதித் துளிர்கள் ஒரே இரவில் கருகிப் போயின. ஆறு நாட்கள் கழித்து ஜேர்மனி சரணடைந்தது. அதன் பிறகு மழையில்லாத, கடும் வெயிலான ஒரு கோடை வந்தது. உறைபனிக்குத் தப்பிய கொஞ்சக் குலைகள் சிறுத்துத் திரண்டு, தோல் தடித்துப் பழுத்தன. அந்தப் பழங்களிலிருந்து வடித்த சிவப்பு வைன், கடந்த நூற்றாண்டில் போர்டோவில் உருவான மிகச் சிறந்தவற்றுள் ஒன்றென இன்றும் பேசப்படுகிறது. போத்தலின் லேபலில், வெற்றியைக் குறிக்கும் வீ என்ற எழுத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள்.

அந்த எழுத்தைப் போடுவித்தவர் பரோன் பிலிப் து ரொத்ஷில்ட். அதே ஆண்டு மார்ச் 23ஆம் திகதி, அவருடைய மகளின் தாய் நாஸிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்திருந்தார். வைன் பற்றிய எழுத்துக்களில் உறைபனியும் வெயிலும் பக்கம் பக்கமாக வரும். அந்தப் பெண் ஒரு வரியில் வந்து போவார், அல்லது வரவே மாட்டார். எனக்கு இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் போலிருக்கிறது.

பிலிப் 1902ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி பரிஸில் பிறந்தார். ஐரோப்பாவின் அரசுகளுக்கே கடன் கொடுத்த யூத வங்கிக் குடும்பம் அது. அவருடைய பூட்டனார் நதானியேல், 1853இல் மெடோக்கின் போயாக் என்ற ஊரில் ஒரு முந்திரிகைத் தோட்டத்தை வாங்கி அதற்குத் தன் குடும்பப் பெயரையும் சேர்த்து வைத்தார். ஷாத்தோ மூத்தோன் ரொத்ஷில்ட் என்று அதற்குப் பெயராயிற்று. மூத்தோன் என்றால் பிரெஞ்சில் செம்மறியாடு. தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்கும். முதிர்ந்தால்தான் மதிப்பு என்றிருக்கும் ஒரு வைனுக்கு அந்தப் பெயர் நமக்குக் கூடுதலாகவே பொருந்துகிறது.

வாங்கி இரண்டே வருடத்தில் ஓர் அவமானம் நடந்தது. 1855ஆம் ஆண்டு பரிஸ் கண்காட்சிக்காகப் போர்டோ தரகர்கள் அப்பகுதி வைன்களைத் தரம் பிரித்தார்கள். லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன் ஆகிய நான்கும் முதலாம் தரம். மூத்தோன் இரண்டாம் தரத்தின் தலைப்பில் வைக்கப்பட்டது. அந்தக் குடும்பம் இதை மறக்கவேயில்லை.

பிலிப்பின் தந்தை ஒன்றி ஒரு மருத்துவர், நாடகங்களும் எழுதியவர். தோட்டத்தில் அவருக்கு அக்கறை இருக்கவில்லை. முதலாம் உலகப்போர் பரிஸை நெருங்கியபோது சிறுவன் பிலிப்பைப் பாதுகாப்புக்காகப் போயாக்குக்கு அனுப்பினார்கள். போருக்குத் தப்பி வந்து சேர்ந்த ஊரில்தான் அவனுக்கு மண்ணோடு பிடிப்பு ஏற்பட்டது. 1922இல், இருபது வயதில், தோட்டம் அவர் பொறுப்புக்கு வந்தது.

அந்தக் காலத்தில் தோட்டக்காரர் வைனை வடித்து, பீப்பாயோடு போர்டோ வணிகர்களிடம் ஒப்படைத்துவிடுவார். அதைப் பதப்படுத்துவதும் போத்தலில் அடைப்பதும் வணிகரின் வேலை. நடுவில் எது எதோடு கலந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. 1924இல் பிலிப் இதை மாற்றினார். மூத்தோன் வைன் முழுவதும் இனித் தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கப்படும் என்றார். முதலாம் தரத் தோட்டங்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பீப்பாய்களை வைத்திருக்க இடம் போதாமற்போகவே, 1926இல் நூறு மீற்றர் நீளமான ஒரு கூடத்தைக் கட்டினார். இருபத்திரண்டு வயது இளைஞனின் இந்த முடிவுக்கு வணிகர்களிடம் நல்ல வரவேற்பு இருந்திருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது ஏன் முக்கியமென்றால், போர்டோவின் நல்ல சிவப்பு வைன் செய்தவுடன் குடிப்பதற்கானதல்ல. போயாக் மண் பருக்கைக்கல் நிறைந்தது, தண்ணீர் நில்லாமல் ஓடிவிடும். அங்கே கபர்னே சோவின்யோன் என்ற சின்னக் கறுப்புப் பழம் நன்றாக விளையும். அதன் தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்ற பொருள் இள வைனுக்குக் கடும் கயர்ப்பைக் கொடுக்கும். பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கு இறுகிவிடும். பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருடங்கள் கிடந்து, பிறகு போத்தலில் பத்து, இருபது, முப்பது வருடங்கள் இருட்டில் படுத்திருக்கும்போது, அந்தத் தனினும் நிறப்பொருளும் மெல்ல ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகிக் கனத்து அடியில் மண்டியாகப் படியும். கயர்ப்பு இளகும். பழவாசனை பின்வாங்க, இளமையில் இல்லாத வேறு வாசனைகள் பிறக்கும். அத்தனை வருடங்களுக்கு அந்த வைனின் பெயரைக் காப்பாற்றப்போவது யார் என்ற கேள்விக்கு, அதை விளைவித்தவன்தான் என்று பிலிப் பதில் சொன்னார்.

அவர் ஒன்றும் தோட்டத்தையே கட்டிக்கொண்டு கிடந்தவரல்ல. காரோட்டப் பந்தயங்களில் ஜோர்ஜ் பிலிப் என்ற புனைபெயரில் கலந்துகொண்டு, 1929இல் மொனாக்கோவில் நான்காவதாக வந்தார். திரைப்படம் தயாரித்தார், கவிதை எழுதினார், ஆங்கிலக் கவிதைகளைப் பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்தார். முப்பதுகளின் மோசமான விளைச்சல் ஆண்டுகளில் மூத்தோன் பெயருக்குத் தகாத வைனை மூத்தோன் கதே என்று வேறு பெயரில் மலிவாக விற்றார். அது பின்னாளில் உலகெங்கும் விற்பனையாகும் பண்டமாயிற்று. வியாபாரம் தெரிந்த மனிதர்.

எலிசபெத் பெல்த்தியே து ஷாம்பூர் பிறப்பால் கத்தோலிக்கர், பழைய பிரபு குடும்பத்துப் பெண். லிலி என்று அழைத்தார்கள். இருவருக்கும் 1933 நவம்பரில் பிலிப்பீன் பிறந்தாள். மறு வருடம் திருமணம். இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்து தங்கவில்லை. 1939இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அவர் தன் தாய்வீட்டுப் பெயருக்குத் திரும்பினார்.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜேர்மனியோடு இணங்கிப்போன விச்சி அரசு, ரொத்ஷில்ட் குடும்பத்தவரின் பிரஜாவுரிமையையும் சொத்துக்களையும் பறித்தது. மூத்தோன் அரசுடைமையாயிற்று. பிலிப் வட ஆபிரிக்காவில் வைத்துக் கைதுசெய்யப்பட்டுச் சிறையிருந்தார். விடுதலையான பின் 1942இல், கால்நடையாகப் பிரனீஸ் மலைகளைக் கடந்து ஸ்பெயினுக்குள் இறங்கி, அங்கிருந்து இங்கிலாந்து போய், ஜெனரல் து கோல் தலைமையிலான சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்.

மூத்தோனில் ஜேர்மன் படையினர் குடியிருந்தார்கள். அது அவர்களுடைய தொலைத்தொடர்பு நிலையமாக இருந்தது. சுவர்களிலும் படங்களிலும் சுட்டுப் பழகினார்கள். போர்டோ வைனைக் கொள்வனவு செய்ய ஜேர்மனி அனுப்பிய அதிகாரி ஹைன்ஸ் பொமர்ஸ், போருக்கு முன்பே அந்த ஊரோடு வியாபாரம் செய்தவர். மூத்தோன் வைன் வேண்டுமென்று கேட்ட கோரிங்குக்கு, சாதாரண வைனில் மூத்தோன் லேபலை ஒட்டி அனுப்பினார் என்றொரு கதை அவரைப் பற்றி உண்டு. ஆக்கிரமிப்புக் காலத்துக் கதைகளில் இப்படி ஒருவர் எப்போதும் வருவார். மற்றவர்களை மன்னிக்க அந்த ஒருவரைப் போதுமாக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

1944இல் பரிஸில் கெஸ்டாப்போ லிலியைக் கைதுசெய்தது. பத்து வயது மகள் தப்பினாள். தாயை ராவன்ஸ்புரூக்குக் கொண்டுபோனார்கள். பெண்களுக்கென்றே நாஸிகள் கட்டிய முகாம் அது, பேர்லினுக்கு வடக்கே இருந்தது. சோவியத் படைகள் அந்த முகாமுக்கு வந்துசேர்ந்தது ஏப்ரல் கடைசியில். லிலி இறந்து ஐந்து வாரங்களுக்கு மேலாகியிருந்தது. அவர் ரொத்ஷில்ட்டாகப் பிறந்தவரல்லர், அந்தப் பெயரைக் கைவிட்டும் இருந்தார். இருந்தும் நாஸி முகாமில் உயிரிழந்தவரென்று அந்தக் குடும்ப வரலாற்றில் சொல்லப்படுபவர் அவர்தான்.

நேசப் படைகளோடு பிரான்ஸுக்குத் திரும்பிய பிலிப்புக்கு மகள் கிடைத்தாள், தோட்டம் கிடைத்தது. தோட்டம் சீரழிந்து கிடந்தது. அங்கே முன்பு காவலிருந்த ஜேர்மன் படையினர் சிலர் இப்போது போர்க்கைதிகள். அவர்களைக் கொண்டே சுவர்த் துளைகளை அடைப்பித்து, பூந்தோட்டம் அமைப்பித்து, பக்கத்துக் காணியான மூத்தோன் தர்மையாக்குக்கு ஒரு வீதியும் போடுவித்தார். கேட்கும்போது மனதுக்கு ஒரு திருப்தி வரத்தான் செய்கிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த வீட்டைப் பார்க்க இருபது, இருபத்தைந்து வருடங்கள் கழித்துப் போய், அத்திவாரத்தை மட்டும் கண்டவர்கள் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிலிப்பின் பக்கம் வென்றிருந்தது. சட்டம் அவருக்காக வேலை செய்தது. பெயரும் பணமும் இருந்தன. ஆட்கள் இல்லாத நேரத்திலும் முந்திரிகைக் கொடி வேர் விட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

1945 அறுவடை செப்டெம்பர் நடுப்பகுதியில், வழமையைவிட முந்தித் தொடங்கியது. லேபலை வரைய பிலிப் ஜூலியான் என்ற இளம் ஓவியரைப் பிடித்தார்கள். வீ எழுத்தும், அதைச் சுற்றிய இலைகளும், வெற்றியின் ஆண்டு என்ற அறிவிப்பும் அதில் வந்தன.

எண்பதுகளின் இறுதியில் பரிஸுக்கு வந்த பலரைப் போல நானும் உணவகக் குசினியில் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். முந்திரிகை எனக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் பந்தல் போட்டு வளர்ப்பார்கள். ஆனால் அதைப் பிழிந்து இருபது வருடம் பூட்டி வைப்பார்கள் என்பது புதிது. காலையில் இறக்கிய கள் பின்னேரத்துக்குள் புளித்துவிடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, காலம் போகப் போக நன்றாகும் ஒரு பானம் என்பது விளங்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

அந்த உணவகத்தில் வைனுக்குப் பொறுப்பாயிருந்த முதியவர் எனக்கு அதைக் காட்டித் தந்தார். முந்திய நாளே போத்தலை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும், மண்டி அடியில் இறங்குவதற்கு. பழைய தக்கை பொடிந்துவிடும், ஆகையால் மெதுவாக இழுக்க வேண்டும். மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, அதன் வெளிச்சம் போத்தலின் கழுத்தில் தெரியும்படி பிடித்து, இன்னொரு கையில் கண்ணாடிக் குடுவையை வைத்து, ஒரே சீராக ஊற்றுவார். இடையில் நிறுத்தினால் மண்டி கலங்கும். கறுப்பாக ஒரு கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். இள வைனை மணிக்கணக்கில் காற்றாட விடலாம். மிகப் பழையதை விடக் கூடாது. அரை மணி நேரத்துக்குள்ளேயே அதன் வாசனை எழுந்து, விரிந்து, போய்விடக்கூடும்.

வாடிக்கையாளர் எழுந்துபோன ஒரு மேசையில், இருபத்தைந்து வயதான ஒரு போயாக் வைன் ஒரு விரல் உயரத்துக்கு மிஞ்சியிருந்தது. வெள்ளைத் துணிக்கு எதிரே குவளையைச் சரித்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் மாதுளைச் சிவப்பு. விளிம்புக்கு வர வரச் செங்கல் நிறம், பிறகு பழைய ஓட்டு நிறம். மணந்து பார்த்தேன். பாடம் போட்ட புகையிலை! எந்த யாழ்ப்பாணத்தவனுக்கும் அந்த வாசனையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதன் பின்னால் பென்சில் சீவிய மரத்தூள், மழைக்கு நனைந்த சருகு, பழைய தோற்பை. கொஞ்சம் பொறுத்து, எங்கேயோ அடியில், காய்ந்த பழத்தின் இனிப்பு. வாயில் வைத்தபோது கயர்ப்பு இருந்தது, ஆனால் தேய்ந்து பட்டுப்போல. விழுங்கிய பிறகும் நெடுநேரம் அது போகவில்லை. அந்த நேரத்தைத்தான் அவர்கள் கணக்கெடுப்பார்கள். மூத்தோன் 1945ஐச் சுவைத்தவர்கள் இவற்றோடு புதினாவையும் வாசனைச் சரக்குகளையும் ஒத்த ஒரு தனி மணத்தைச் சொல்கிறார்கள். இளமையில் அது கல்லுப்போல இறுகியிருந்ததாகவும், பல பத்தாண்டுகள் கழித்தே இளகியதாகவும் சொல்கிறார்கள்.

போருக்குப் பிந்திய வடக்கிலும் கிழக்கிலும் குடி எத்தனை வீடுகளைத் தின்றிருக்கிறது என்பதை அறிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு விரல் வைனை அரை மணி நேரம் மணந்து பார்ப்பதும், எதையாவது மறக்கக் குடிப்பதும் ஒரே செயலல்ல. முதலாவதைச் செய்ய மனிதனுக்கு நிம்மதி வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்டோவில் 2009 ஒரு மிகச் சிறந்த ஆண்டு. அந்த மே மாதம் சில இடங்களில் ஆலங்கட்டி மழை கொடிகளை அழித்தது. அதன் பிறகு அருமையான கோடை. சில வருடங்கள் கழித்து அந்த வைன்கள் எங்கள் உணவகப் பட்டியலுக்கு வந்தபோது, வந்தவர்கள் 2009 இருக்கிறதா என்று முகம் மலரக் கேட்டார்கள். அப்போது நான் குசினியை விட்டு மேசைகளுக்கு வந்துவிட்டேன். அந்த இலக்கம் பொறித்த போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அதுதான் முறை. காட்டினேன். நல்ல ஆண்டு என்று அவர்கள் தலையசைத்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அந்த ஆண்டு மே மாதம் எங்களுக்கு என்னவென்று இங்கே வாசிக்கும் எவருக்கும் நான் எழுத வேண்டியதில்லை. பிலிப் தன் கையால் 1945இன் போத்தலைத் திறந்த ஒவ்வொரு முறையும் அவருக்கு எது முதலில் ஞாபகம் வந்திருக்கும் என்று அன்றிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கினேன். லிலியைப் பற்றி அவர் தன் முதுமைக்கால நினைவுநூலில் எழுதினார். லேபலில் அவருக்கு இடமிருக்கவில்லை.

1945க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியரிடம் லேபல் கேட்பது வழக்கமாயிற்று. கொக்தோ, பிராக், டாலி, மிரோ, ஷகால், வார்ஹோல் எல்லோரும் வரைந்தார்கள். கூலி பணமல்ல, வைன். 1954இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் பொலீனை மணந்தார். வைனும் கலையும் சேர்ந்த ஓர் அருங்காட்சியகத்தை இருவரும் மூத்தோனில் அமைத்தார்கள். 1962இல் அதைத் திறந்துவைத்தவர் அந்நாள் கலாசார அமைச்சர் அந்திரே மல்ரோ.

1855இன் அவமானத்தையும் அவர் விடவில்லை. பல பத்தாண்டுகள் கடிதமெழுதியும் ஆளைப் பிடித்தும் வாதாடியும் ஓயாமல், 1973இல் முதலாம் தரத்தை வாங்கியே விட்டார். ஆணையில் கையெழுத்திட்ட விவசாய அமைச்சர், பின்னாளில் ஜனாதிபதியான ஜாக் சிராக். அந்த வருட லேபலில் பிக்காசோவின் ஓவியம். மூன்று வருடம் கழித்து, 1976இல், பரிஸில் கண்ணை மூடிச் சுவைத்ததுபோல் லேபலை மறைத்து நடத்திய ஒரு போட்டியில், மூத்தோன் 1970 ஒரு கலிபோர்னிய வைனிடம் முதலிடத்தை இழந்தது. மற்றவர்கள் கொதித்தார்கள். பிலிப் கலிபோர்னியாவின் ரொபேட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து ஓபஸ் வன் என்ற வைனை உருவாக்கினார்.

1988 ஜனவரி 20ஆம் திகதி, தன் 85ஆவது வயதில் அவர் காலமானார். நாடக நடிகையாக இருந்த மகள் பிலிப்பீன் தோட்டத்தைப் பொறுப்பேற்று, 2014இல் தான் இறக்கும்வரை நடத்தினார். ஓவியரிடம் லேபல் கேட்கும் வழக்கத்தையும் தொடர்ந்தார். 2009க்கு வரைந்தவர் மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர்.

1945இன் போத்தல்கள் கொஞ்சம் எஞ்சியிருந்தன. 2006 செப்டெம்பரில், லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு அவற்றிலிருந்து சில அனுப்பப்பட்டன. பன்னிரண்டு போத்தல்கள் கொண்ட ஒரு பெட்டி 290,000 அமெரிக்க டொலருக்குப் போனது. அப்போது பிலிப்பீனுக்கு வயது 72. அந்த வைன் பழமாகத் துளிர்க்கும் முன்னரே, பதினொரு வயதில், அவர் தாயை இழந்திருந்தார்.